அறுவைக்குப் பின் வரும் வலி



ராசிங்காபுரம் முதலான போடி வட்டாரக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகிறவர்கள் பலர். இவர்களில் ஒருவருக்குக் கர்ப்பப்பை அறுவையோ குடலிறக்க அறுவையோ செய்ய நேர்ந்தால், "எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வலியைப்பற்றிக் கேட்பதில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எண்ணுகிறார்கள். இந்தப் பொறுமையை நாம் மெச்சக்கூடாது. வயிற்றில் தையலோடு, வலிக்குப் பயந்து இருமாமல் கிடப்பவரின் நெஞ்சில் சளி தங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காதவரின் காலில் இரத்தம் உறையலாம்.

அப்படியானால் வலி நமக்குச் சத்துருவா? கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் அப்படிச் சொல்லவில்லை. தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற விரல்கள் வெந்தும் வெட்டுப்பட்டும் அழிவதைக் கண்ட அவர், வலியை யாரும் விரும்பாத ஈவு என்றார். வலி ஒரு காவற்காரன். ஆனால் மருத்துவரே கத்தி வைத்த இடத்தில் அவன் இரவெல்லாம் கூவவேண்டிய அவசியமில்லை.

அவனை அடக்க மார்பின், பெத்தடின் போன்ற போதை மருந்துகள் மட்டும்தான் உண்டு என்பது பழைய எண்ணம். நம் நாட்டில் அரசின் உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. மார்பின் அதிலிருந்தே வருகிறது. இருந்தும் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், பல உரிமங்கள் கேட்கப்பட்டதால், சிறிய மருத்துவமனைகளுக்கு அது எட்டாப்பொருள் ஆயிற்று. 2014-ல் சட்டம் தளர்த்தப்பட்டது. கையில் இருந்தாலும் கவனம் வேண்டும். மார்பின் வாந்தியும் மலச்சிக்கலும் தரும். அளவு மிஞ்சினால் மூச்சை மந்தமாக்கும். ஒரு வார்டு முழுவதையும் ஒரே நர்ஸ் பார்க்கும் இரவில் இது சிறிய காரியமல்ல.

வலி வந்தபின் துரத்தாமல் வருமுன் தடுப்பதே நல்ல வழி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறையை ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் 1898-ல் செய்துகாட்டினார். இன்றும் பல அறுவைகளுக்கு அதுவே கைகொடுக்கிறது. தையல் போடும்போதே காயத்தைச் சுற்றிப் புபிவக்கைன் மருந்தைச் செலுத்தினால் மேலும் சில மணி நேரம் அந்த இடம் மரத்திருக்கும். அந்த மரப்பு தெளியுமுன்பே முதல் பாரசிட்டமால் உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு வலித்தாலும் வலிக்காவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். "தேவைப்பட்டால் கேளுங்கள்" என்றால் நம் பெண்கள் கேட்கவேமாட்டார்கள்!

அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கம். 40 கிலோ எடையுள்ள தாய்க்கு ஒரு வேளைக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருப்பதை மறக்கவேண்டாம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அவை ஆகாது. கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது, தோட்டத்து மூட்டுவலிக்கானாலும், ஆபத்தே.

பெரிய அறுவைகளில் இவை போதாமல் போகும்; அப்போது மார்பின் கொடுக்காமல் இருப்பதுதான் கொடுமை. சில நாட்களுக்கு, கண்காணிப்போடு கொடுத்து நிறுத்தினால், அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சவேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு தலையணை கொடுத்தனுப்புங்கள். இருமும்போதும், ஜீப் குலுங்கும்போதும் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையல் இழுக்காது. நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ மாத்திரையைக் கூட்டாமல் உடனே திரும்பி வரச்சொல்லுங்கள். அப்போது காவற்காரன் கூவுவதில் அர்த்தம் இருக்கிறது.