ஐந்து வாட் போதும்

கோயம்புத்தூர்

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. ரேடியோ கிட் ஒன்றை வாங்கிச் சொந்தமாகச் செய்துபார்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். "வெறும் ஐந்து வாட்டை வைத்துக்கொண்டு யாரோடு பேசப் போகிறாய்?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். அவர் கேட்டதில் தவறில்லை. உன் மேசை விளக்கில் இருக்கும் எல்ஈடி பல்பே 9 வாட் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதிச் சக்தியோடு வேறொரு நாட்டை எட்ட முடியும் என்றால் யாருக்குமே நம்பிக்கை வராது. நம்பிக்கையாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெச்சூர் ரேடியோவில் மோர்ஸ் தந்தி முறை என்றால் 5 வாட்டுக்குள்ளும், குரலில் பேசுவது என்றால் உச்ச அளவு 10 வாட்டுக்குள்ளும் நின்றுகொள்வதை க்யூஆர்பி என்பார்கள். கடையில் விற்கும் சிற்றலைக் கருவிகள் பெரும்பாலும் 100 வாட். 100க்கும் 5க்கும் இடையே 20 மடங்கு வித்தியாசம். ஆனால் வானொலியில் சக்தியை டெசிபல் கணக்கில்தான் அளக்க வேண்டும். 20 மடங்கு என்பது 13 டெசிபல். கேட்கும் கருவியில் குறியின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகு 6 டெசிபல். ஆக, 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் எதிர்முனையில் இருப்பவரின் முள் இரண்டு அலகுதான் கீழே வரும். எஸ்9 என்று கேட்ட நிலையம் எஸ்7 என்று கேட்கும். எஸ்7 நன்றாகவே காதில் விழும்.

மீதி வேலையை வானம் செய்கிறது. நமக்கு மேலே அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள் இருக்கின்றன. அயனிமண்டலம் என்று உன் பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். சிற்றலைகளை அது வளைத்துத் திரும்பவும் பூமிக்கு அனுப்புகிறது. அதன் கீழடுக்கு ஒன்று பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஓரளவு விழுங்கிவிடும். அதனால் பகலில் சில நூறு கிலோமீட்டர் வரைதான் எட்டும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அதே அலை இரவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு ஐந்து வாட் குறைவாகத் தோன்றாது.

மோர்ஸுக்கு இன்னொரு பலம் உண்டு. குரல் போக ஏறக்குறைய 2,400 ஹெர்ட்ஸ் அகலமான பாதை வேண்டும். மோர்ஸுக்கு 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டியே போதும். பாதை பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறுகினால் கூடவே வரும் இரைச்சலும் அதே அளவு குறையும். இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டு போனவர் ஜோ டெய்லர். 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வானியலாளர் அவர், அமெச்சூர் ரேடியோக்காரரும்கூட. 2008இல் விஸ்பர் என்ற முறையை உருவாக்கினார். மிகக் குறுகிய பாதையில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் மெதுவாகச் செய்தியை அனுப்பும் முறை அது. கால் வாட்டுக்கும் குறைந்த சக்தியில் கிளம்பிய குறிகள் கடல் தாண்டிப் பதிவாவது அதில் அன்றாடம் நடக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: சக்தியைக் குறைக்கக் குறைக்க அறிவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. 100 வாட் வைத்திருப்பவர் ஆன்டெனா சரியில்லாவிட்டாலும் சமாளித்துவிடுவார். 5 வாட் வைத்திருப்பவர் ஆன்டெனாவைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் உனக்கு வாய்த்த ஆசிரியர். இப்படிப் புரிந்துகொள்வதற்காகவே உலகமெங்கும் ஆட்கள் ஒன்றுகூடுகிறார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டி 1952 முதல் ஹாம்வென்ஷன் என்ற பெரும் ரேடியோச் சந்தை நடந்து வருகிறது. அது நடக்கும் அதே மே மாத நாட்களில், 1961இல் தொடங்கிய க்யூஆர்பி சங்கம் ஒன்று 'மே மாதத்தில் நான்கு நாட்கள்' என்ற தன் கூட்டத்தை 1996 முதல் நடத்துகிறது. கருவி வடிவமைத்தவர்களே வந்து, தங்கள் சர்க்யூட் ஏன் இப்படி அமைந்தது என்று விளக்குகிறார்கள். மாலையில் மேசைகளைப் போட்டு, வந்தவர்கள் தாங்களே செய்த கருவிகளைப் பரப்பி வைக்கிறார்கள். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம். காயிலை ஏன் அந்த மூலையில் வைத்தாய் என்று கேட்கலாம். சொந்தத் தயாரிப்புகளுக்குப் போட்டியும் உண்டு. அனுபவசாலியும் புதியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கிட்டைச் செய்து முடிக்கும் அமர்வும் நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தப் பண்பாட்டை வளர்த்தவர் ஒரு பாதிரியார், ஜார்ஜ் டாப்ஸ். 1974இல் அவர் தொடங்கிய ஜிக்யூஆர்பி சங்கத்தின் காலாண்டிதழ் ஸ்ப்ராட். பக்கத்துக்குப் பக்கம் சர்க்யூட்டுகள்தாம் அதில் இருக்கும். அதற்கும் முன்பே, 1972இல், லேடிபேர்ட் வரிசையில் சிறுவர்களுக்காக டிரான்சிஸ்டர் ரேடியோ செய்முறைப் புத்தகம் ஒன்றை எழுதினார். சாலிடர் இல்லாமலே, மரப்பலகையில் திருகாணிகளை முடுக்கி உறுப்புகளை இணைக்கும் வழியை அதில் காட்டினார். ஒரு சிறுவனிடம் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று யோசித்து எழுதியவர் அவர். 2019இல் மறைந்தார்.

நம் நாட்டுக் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்ற கருவியை வடிவமைத்தார். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குரலில் பேச ஏறக்குறைய 6 வாட் தரும் கருவி. வெளிநாட்டு சர்க்யூட்டுகள் கேட்கும் காயில் வளையங்கள் இங்கே எளிதில் கிடைக்காது. அதனால் குழாய்க்குப் போடும் வாஷரில் கம்பியைச் சுற்றிக் காயில் செய்தார். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களையே வைத்தார். சர்க்யூட்டின் அழகு இன்னும் ஆழமானது. ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்சிஸ்டர்கள் எதிரெதிர்த் திசை நோக்கி ஜோடியாக நிற்கும். கேட்கும்போது ஒன்றுக்கு மின்சாரம் போகும், பேசும்போது மற்றதற்குப் போகும். விலையுயர்ந்த பகுதியான படிக வடிகட்டி ஒன்றே இரண்டு வேலைக்கும் உதவும். உறுப்புகளும் மிச்சம், செலவும் மிச்சம்.

முழு சர்க்யூட்டையும் விளக்கத்தோடு எல்லாருக்கும் திறந்து கொடுத்தார் ஃபர்ஹான். பல நாடுகளில் அதைச் செய்து பார்த்தார்கள், மாற்றினார்கள், மேம்படுத்தினார்கள். பின்னர் பிட்எக்ஸ்40, மைக்ரோபிட்எக்ஸ் என்று பலகைகளாக விற்பனைக்கு வந்தபோது, ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று காயில்களைக் கையால் சுற்றிக் கொடுத்தது. வெளிநாட்டுக் கூட்டங்களில் மேசைமேல் இந்தியக் கருவியைப் பார்க்க முடிகிறதென்றால், தெரிந்ததை ஒளிக்காமல் கொடுத்த அந்த மனம்தான் காரணம்.

இனி உன் கைவேலைக்கு வருகிறேன். அனுப்பும் கருவியில் தொடங்காதே. முதலில் ஒரு டம்மி லோட் செய். ஆன்டெனாவுக்குப் பதிலாக நின்று, சக்தியை வெப்பமாக்கிவிடும் சுமை அது. 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர்கள் 20 வாங்கி, எல்லாவற்றையும் பக்க இணைப்பில் சேர். 1000ஐ 20ஆல் வகுத்தால் 50 ஓம். கால் வாட் வீதம் 20 என்றால் மொத்தம் 5 வாட் தாங்கும். ரேடியோக்காரர்கள் ஆன்டெனா பக்கம் எதிர்பார்க்கும் அளவும் அந்த 50 ஓம்தான். நாற்பது இணைப்புகளைச் சாலிடர் செய்து முடிப்பதற்குள் கை பழகிவிடும். அயர்ன் முனையை ரெசிஸ்டரின் காலிலும் செம்பிலும் ஒருசேர வைத்துச் சூடேற்று. ஈயக்கம்பியை அயர்னில் வைத்து உருக்காதே, சூடான இணைப்பில் வை. ஈயம் பரவி, பளபளப்பாக, ஓரத்தில் சரிவாக இறங்கினால் நல்ல இணைப்பு. உருண்டையாகத் திரண்டு நின்றால் மறுபடி சூடேற்று. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய், முடித்ததும் கையைக் கழுவு.

பிற்பாடு அந்த 50 ஓம் மேல் ஒரு டயோடும் சிறு கெப்பாசிட்டரும் வைத்தால் ரேடியோ அலையின் உச்ச மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் படிக்கலாம். அதை அதனாலேயே பெருக்கி 100ஆல் வகுத்தால் வாட் வரும். 22 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டினால் 5 வாட். பாடத்தில் படித்த சூத்திரம் கையில் சுடுவதை அன்றைக்கு உணர்வாய்.

அடுத்தது, கேட்கும் கருவி. எந்தக் கிட்டானாலும் எல்லா உறுப்பையும் ஒரே மூச்சில் பொருத்திவிட்டு சுவிட்சைப் போடாதே. பகுதி பகுதியாகச் செய், ஒவ்வொரு பகுதியையும் சோதித்த பிறகே அடுத்ததைத் தொடு. முதலில் மின்சாரப் பகுதி: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துக் கொடு, எத்தனை மில்லிஆம்ப் இழுக்கிறது என்று பார். பிறகு ஒலி ஆம்ப்ளிஃபயர்: அதன் உள்வாயைத் தொட்டால் ஹெட்போனில் உறுமல் கேட்க வேண்டும். அடுத்து ஆசிலேட்டர்: பக்கத்தில் ஒரு சிற்றலை ரேடியோவை வைத்துத் தேடினால் அதன் குறி கிடைக்கும். கடைசியில் மிக்சரும் ஆன்டெனா பக்கத்துக் காயில்களும். இப்படிப் போனால் பழுது எங்கே இருந்தாலும் நீ கடைசியாகப் பொருத்திய சில உறுப்புகளுக்குள்தான் இருக்கும்.

காயில்களில் இரண்டு விஷயம் கவனி. வளையத்தின் துளைக்குள் கம்பி ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளியே எத்தனை முறை தெரிகிறது என்று எண்ணினால் கணக்குத் தப்பும். இரண்டாவது, எனாமல் கம்பியின் பூச்சை நுனியில் முழுக்கச் சுரண்டி, ஈயம் பூசி, மல்டிமீட்டரில் இணைப்பைச் சரிபார். புதியவர்களின் கிட்டுகள் பேசாமல் கிடப்பதற்கு இந்தப் பூச்சு அடிக்கடி காரணமாகிறது.

இதெல்லாம் கைவந்த பிறகு க்யூசிஎக்ஸ் என்ற கிட் மாதிரியான ஒன்றை எடுக்கலாம். 2017இல் இங்கிலாந்தில் நடந்த இளைஞர் ரேடியோ முகாமுக்கென்று ஹான்ஸ் சம்மர்ஸ் முதலில் வடிவமைத்தது அது. ஓர் அலைவரிசை, மோர்ஸ் மட்டும், 5 வாட் வரை. சரிபார்க்கத் தேவையான சோதனை வசதிகளைக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கிறார். வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லாத உன்னைப் போன்றவர்களை நினைத்துச் செய்த வேலை. எளிமை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசையிருந்தால், டக் டிமா 1976இல் வெளியிட்ட 'டூனா டின் 2' சர்க்யூட்டைத் தேடிப் படி. இரண்டே டிரான்சிஸ்டர்கள், மீன் டப்பாவின் மேல் கட்டிய அனுப்பும் கருவி.

ஒரு கண்டிப்பு. உரிமம் இல்லாமல் அனுப்பும் கருவியை வாங்கவோ இயக்கவோ கூடாது. சக்தி குறைவு என்பது விதிவிலக்கு ஆகாது. நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வை எழுதலாம். தொடக்கநிலையான ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். நீ மோர்ஸையும் சேர்த்தே படி. எழுத்துகளைப் புள்ளி, கோடு என்று கண்ணால் மனப்பாடம் செய்யாமல், ஓசையாகக் காதால் பழகு.

ஆன்டெனாவுக்குக் காசு அதிகம் ஆகாது. 7.030 மெகாஹெர்ட்ஸில்தான் க்யூஆர்பிக்காரர்கள் அதிகம் தேடிக்கொள்வார்கள். அதற்கு நடுவில் பிரிந்து, பக்கத்துக்கு ஏறக்குறைய 10.15 மீட்டர் நீளும் கம்பி போதும். முடிந்த உயரத்தில் கட்டு. மின்கம்பிகள் பக்கம் போகவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் கழற்றி வெளியே போட்டுவிடு.

கருவி தயாரானதும் கூட்டத்துக்குப் போ. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கூடும் ஹாம்ஃபெஸ்ட் இந்தியா ஊர் மாறி மாறி நடக்கிறது. உள்ளூர்ச் சங்கங்கள் சந்திக்கும் நாட்களும் உண்டு. வேலை செய்யும் கருவி இருந்தால்தான் போக வேண்டும் என்று எண்ணாதே. பாதியில் நிற்கும் பலகையோடு போனால்தான் அதிகம் கற்றுக்கொள்வாய். எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வந்தது என்று நோட்டில் எழுதி எடுத்துப் போ. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. "ஆசிலேட்டர் ஓடுகிறது, மிக்சருக்குப் பிறகு ஒன்றும் இல்லை" என்று சொன்னால் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். அவர்கள் சொல்லித் தந்ததை நீயும் உன்னைவிடச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடு. அவர்கள் கையிலிருந்து அயர்னைப் பிடுங்கி நீயே செய்து முடித்துவிடாதே. இணைப்பு கோணலாக வந்தாலும் அவர்களே செய்யட்டும்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு. ஒத்துக்கொண்டால் அவரையும் சேர்த்துக்கொள், கம்பி கட்ட ஆள் வேண்டும். இந்த வாரமே அம்மாவோடு சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் ரெசிஸ்டர்களை வாங்கு. இணைத்து முடித்ததும் மல்டிமீட்டர் எத்தனை ஓம் காட்டியது என்று எனக்கு எழுது. ஐம்பதிலிருந்து சற்று விலகியிருந்தால் ஏன் என்று யோசித்து அதையும் எழுது.

அன்புடன்,
மாமா