தங்கமீனோடு யாரைச் சேர்க்கலாம்?

தங்கமீன் குளிர்நீர் மீன், கலர் மீன்கள் வெப்பமண்டல மீன்கள், அதனால் இரண்டையும் ஒரே தொட்டியில் விடக்கூடாது: மீன் வளர்ப்புப் புத்தகங்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி, நியான் டெட்ராவுக்கும் கப்பிக்கும் 24 முதல் 28 டிகிரி என்று கணக்கும் கொடுப்பார்கள். சென்னையில் தொட்டி வைத்திருக்கும் எனக்கு இந்தக் காரணம் பாதிதான் பொருந்துகிறது. சித்திரை வெயிலில் ஹீட்டர் இல்லாமலே தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். வருடத்தில் பெரும்பகுதி இரண்டு வகைக்கும் ஒரே சூடுதான். “எல்லாம் ஒண்ணாவே இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது” என்று கடைக்காரர் சொல்வதும் அதனால்தான். சில வாரங்களுக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஆனாலும் சேர்க்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

சூடும் கழிவும்

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூடு ஏறும்போது மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. இந்த நெருக்கடியை முதலில் உணர்வது பருத்த உடம்புள்ள தங்கமீன்தான். விடியற்காலையில் அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்துத் தீனி போடாதீர்கள். கோடையில் நான் ஏர் பம்பை இரவும் பகலும் ஓட விடுகிறேன், தீனியைப் பாதியாக்குகிறேன், மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைக்கிறேன். ஓரிரு டிகிரி குறைந்தாலே மீனின் மூச்சு சீராவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது கழிவு. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் ஓயாமல் மேயும், ஓயாமல் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வருவது அம்மோனியா. தண்ணீரின் பிஹெச் கூடக் கூட, சூடு ஏற ஏற, அம்மோனியாவின் நச்சு வடிவம் அதிகமாகும். நம் ஊரில் பல வீடுகளில் போர் தண்ணீர். அது கடினத்தன்மையும் காரத்தன்மையும் உள்ளது. கோடையும் சேர்ந்துகொண்டால், குளிர்நாட்டுத் தொட்டியில் தாங்கக்கூடிய அளவு கழிவுகூட இங்கே விஷமாகிவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். அதில் ஒரு ஒரண்டா வகைத் தங்கமீனுக்கு மேல் விட நான் சம்மதிப்பதில்லை. அதிலேயே பத்து டெட்ராவையும் விட்டால், தங்கமீன் கழிக்கும் அம்மோனியாவுக்கு முதலில் பலியாவது அந்தச் சின்ன மீன்கள்தான்.

வாயில் அகப்படுவதும் வாலைக் கடிப்பதும்

தங்கமீன் சாதுதான், ஆனால் வாயில் நுழைவதை விழுங்கிவிடும். நியான் டெட்ரா, கப்பிக் குஞ்சு எல்லாம் அதற்குத் தீனி. அடியில் மேயும் கோரிடோரஸை விழுங்கப் பார்த்தால் அதன் துடுப்பு முள் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. டைகர் பார்ப் தங்கமீனின் நீண்ட வாலைக் கிழித்துவிடும். பெரிதான ஏஞ்சல் துரத்தித் துரத்திக் கொத்தும். பிளாக் மூர் போலக் கண் துருத்திய வகையாக இருந்தால் கண்ணே போய்விடலாம். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன், இரவில் தங்கமீனின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்புப் பூச்சை உறிஞ்சும். விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதவில்லை என்று அதை ஏரியில் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த மீன் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புத்தகம் சொன்ன வெப்பநிலைச் சிக்கல் நம் ஊரில் தலைகாட்டுவது மார்கழியில். இரவில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்ததும் டெட்ரா, மோலி மேல் உப்புத்தூள் தூவினாற்போல வெள்ளைப்புள்ளி நோய் வரும். அந்த ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வெளியே வந்து நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அந்தக் கட்டம் சீக்கிரம் வரட்டும் என்று ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு ஏற்றுவோம். தங்கமீனோ வருடத்திலேயே அந்தக் குளிர்ந்த சில வாரங்களில்தான் சுகமாக இருக்கும். ஒரே தொட்டியில் ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தால் மற்றது வாடும்.

அப்படியென்றால் யாரைத்தான் சேர்ப்பது? தங்கமீனுக்கு நல்ல துணை இன்னொரு தங்கமீன்தான். அதிலும் உடல்வாகு பார்த்துச் சேர்க்க வேண்டும். காமெட், ஷுபன்கின் போல நீண்ட உடல் உள்ளவை வேகமானவை. அவற்றோடு விட்டால் உருண்டை உடல் உள்ள ஒரண்டாவும் ரியுகினும் தீனிக்குப் போட்டி போட முடியாமல் மெலிந்துவிடும். பெரிய தொட்டி இருந்தால் காமெட்டோடு ஸீப்ரா டானியோ கூட்டத்தை விடலாம். இந்தியாவிலேயே ஆறுகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் மீன் அது. குளிரையும் சூட்டையும் தாங்கும், எளிதில் பிடிபடாது. நன்றாக வளர்ந்த டானியோவாகப் பார்த்து விடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

யாரோடு சேர்ப்பது என்று தெரிந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. சேர்த்ததால் செத்தது என்று சொல்லப்படும் மீன்களில் பல, கடையிலிருந்தே நோயோடு வந்தவை. சென்னை கொளத்தூரின் மீன் கடைகளுக்குப் போனால் எந்த மீனையும் உடனே கைகாட்டாமல், முதலில் பத்து நிமிடம் சும்மா நின்று பார்ப்பேன்.

தனி மீனைவிடத் தொட்டியைப் பார்ப்பது முக்கியம். ஒரு மீன் செத்துக் கிடந்தாலோ, ஒன்றிரண்டின் மேல் வெள்ளைப்புள்ளி இருந்தாலோ அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் போட்டு எடுத்தால் நோய் பக்கத்துத் தொட்டிக்கும் போயிருக்கும். தண்ணீர் நீலமாக இருந்தால் மெத்திலீன் புளூ போட்டிருக்கிறார்கள். மஞ்சளாக இருந்தாலும் மருந்தாக இருக்கலாம். முன்னெச்சரிக்கைக்குப் போட்டதா, நோய்க்குப் போட்டதா என்று கேளுங்கள்.

பிறகு மீன். துடுப்பை விரித்து நீந்த வேண்டும். உடம்போடு ஒட்டி மடித்து வைத்திருந்தால் சுகமில்லை. இரண்டு செவுளும் சீராக அசைய வேண்டும். வயிறு ஒட்டியிருப்பது, செதில்கள் சிலிர்த்து நிற்பது, வெள்ளை நூல்போலக் கழிவு தொங்குவது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, மூலையில் தனியே ஒதுங்குவது எல்லாம் வேண்டாம் என்பதற்கான அடையாளங்கள். தங்கமீனை மேலிருந்தும் பாருங்கள்: வயிறு இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். நீந்துவதை நிறுத்தினால் தலைகீழாகவோ சாய்ந்தோ போகக்கூடாது.

“அண்ணா, இது எப்போ வந்த ஸ்டாக்?” என்று கேட்கத் தயங்காதீர்கள். நேற்று பையிலிருந்து கொட்டிய மீனின் அலைச்சல் இன்னும் தீர்ந்திருக்காது. பிடித்த மீனாக இருந்தால் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொல்வேன். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. சாயம் ஏற்றிய மீன்களை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கண்ணாடி மீனுக்கு ஊசியால் நிறம் ஏற்றுவது கொடுமை, நிறமும் நிற்காது. நோயாளி மீனைப் பரிதாபப்பட்டு வாங்குவதும் வேண்டாம். அந்த இடத்துக்கு அடுத்த நோயாளி வந்துவிடும், உங்கள் வீட்டு மீன்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பையை வெயில் படாமல் கொண்டுவந்து, தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்க்க வேண்டும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

அந்த மீன் போக வேண்டியதும் முதன்மைத் தொட்டிக்கு அல்ல. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பும், ஓடும் தொட்டியிலிருந்து எடுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். அதில் மூன்று நான்கு வாரம் தனியே வையுங்கள். தங்கமீனாக இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பு போடலாம். முதல் நாள் தீனி வேண்டாம். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போட்ட பிறகே பயன்படுத்துங்கள். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் ஃபில்டரில் நன்மை செய்யும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நன்றாக வளர்த்தால் தங்கமீன் பத்து வருடத்துக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து 1999-இல்தான் இறந்தது. இவ்வளவு காலம் வாழக்கூடிய உயிருக்காக ஒரு மாதம் காத்திருக்கலாம். வீட்டில் இருப்பது ஒரே தொட்டி என்றால், தங்கமீனா கலர் மீன்களா என்பதைக் கடைக்குப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரண்டுமே வேண்டும் என்றால் இரண்டாவது தொட்டிக்குப் பணம் சேருங்கள். அதுவரை ஒன்றை மட்டும் நன்றாக வளர்ப்போம்.