கிரகம் கூடினால் தறியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: பட்டு நெசவுதான் எங்கள் குடும்பத் தொழில். ஒரே ராசியில் கிரகங்கள் கூடப்போகின்றன, பேரழிவு வரும் என்று செல்போனில் வீடியோ வந்தபடி இருக்கிறது. அது கழியும்வரை தறியில் புதுப் பாவு ஏற்றக் கூடாது என்கிறார் அம்மா. பரிகார ஹோமத்துக்குத் தெருவில் வசூலும் நடக்கிறது. அஷ்டகிரகம் கூடிய 1962-ல் சீனப் போர் வந்தது. 2025 மார்ச்சில் மீனத்தில் ஆறு கிரகம் கூடியபோது மியான்மரில் பூகம்பம் வந்தது. இதையெல்லாம் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா ஐயா?
- ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தயங்காமல் பாவு ஏற்றுங்கள். தறி நின்றால் கூலி நிற்கும். அந்த நஷ்டம் மட்டும்தான் இதில் நிச்சயம்.

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகரத்தில் எட்டுக் கிரகங்கள் கூடுவதால் உலகம் அழியும் என்று நாடே நடுங்கியது. பல ஊர்களில் யாகங்கள் நடந்தன. அந்த எட்டையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி, கேது. உங்கள் ஊர் சித்திரகுப்தர் கோயிலுக்குக் கேது தோஷம் நீங்க வேண்டி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்த வழிபாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வானத்தில் கேது என்று ஒரு உருண்டை கிடையாது. சந்திரன் போகும் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஓர் இடம்தான் அது. அமாவாசை அந்த இடத்தருகே நேர்ந்தால் சூரிய கிரகணம். அப்போதும் போர்னியோ, நியூகினியா பக்கம் முழுக் கிரகணம் பிடித்தது. கேதுவும் சேர்ந்தது, கிரகணமும் பிடித்தது என்று ஒரே நிகழ்ச்சியை இரண்டு அபசகுனமாக எழுதிவிட்டார்கள்.

மிச்சம் ஏழு. சூரியனும் சந்திரனும் தை அமாவாசைதோறும் மகரத்தில்தான் சேர்கின்றன. புதன் சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேல் விலகாது, சுக்கிரன் 47 டிகிரியைத் தாண்டாது. அதனால் இவையும் அடிக்கடி கூட இருக்கும். குருவும் சனியும் ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கும். 1961 பிப்ரவரியில்தான் நெருங்கியிருந்தன. கூடவே செவ்வாயும் வந்தது. அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் செவ்வாய், குரு, சனி மூன்றும் சூரியனோடு ஒரே ராசியில் தெரிகின்றன என்றால், அவை சூரியனுக்கு அப்பால் இருக்கின்றன என்று அர்த்தம். பூமியை விட்டு மிகத் தள்ளி நிற்கும் சமயம் அது! கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் இழுப்பைக் கணக்கிட்டால், குரு நமக்கு மிக அருகே வரும்போதுகூட அதன் பங்கு சந்திரனுடையதில் லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

போர் தொடங்கியது அக்டோபர் 20-ல், எட்டு மாதம் கழித்து. பிப்ரவரியில் உலகம் அழியும் என்றவர்கள், அது பொய்த்த பிறகு போரைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ப்பதற்கு ஏதாவது ஒரு துயரம் இல்லாத வருடம் உண்டா? அழியவேண்டிய அதே பிப்ரவரியில் நாடு பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டது. காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றது அந்தத் தேர்தலில்தான். ஐந்து வருடத்தில் அவர் முதலமைச்சரும் ஆனார்.

மியான்மர் விஷயம் இன்னும் தெளிவு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29 இரவு. 7.7 அளவில் பூமி குலுங்கியது 28-ம் தேதி நண்பகல் வாக்கில். அதாவது ஆறு கிரகம் கூடுவதற்கு முன்பே. வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கேட்டால் அன்றைக்குச் சனி மீனத்திலேயே இல்லை; அதைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தார்கள். ஒரு பஞ்சாங்கத்தில் ஆறு, இன்னொன்றில் ஐந்து. பூகம்பம் எதைப் பார்த்து வந்திருக்கும்? மண்டலே அருகே ஓடும் சகாயிங் பிளவில் பாறைகள் பல காலமாக இறுகி நின்றன, அன்று நழுவின. 7-க்கு மேற்பட்ட பூகம்பம் உலகத்தில் வருடத்துக்குச் சராசரி பதினைந்து வருகிறது. எந்தக் கிரகச் சேர்க்கைக்குப் பக்கத்திலும் ஒன்று அகப்படும்.

படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். கிரகங்கள் ஒரு பக்கம் சேர்வதால் 1982-ல் கலிஃபோர்னியா பூகம்பத்தில் நாசமாகும் என்று இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் புத்தகமே எழுதினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

அம்மாவோடு வாதாட வேண்டாம். பஞ்சாங்கம் பார்த்து அவரே ஒரு நல்ல நாள் குறித்துத் தரட்டும். அது இந்த வாரத்துக்குள் இருக்கட்டும். கோயிலுக்குக் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், பயந்து கொடுக்காதீர்கள். வசூலுக்கு வருகிறவரிடம் எந்தத் தேதியில், எந்த ஊரில், என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் அந்தத் தேதி கழிந்த மறுநாள் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.