பழைய கைக்கடிகாரம் சேர்க்க விரும்பும் அன்பர்களுக்கு

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க அன்பர் ஒருவரின் மகன் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மாதிரி சாவி கொடுக்கிற வாட்ச் நானும் சேர்க்கணும். எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். சாப்பாட்டுப் பந்தி நேரம். விளக்கிச் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் கடைக்குப் போகாதே. ஊருக்குப் போகும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார். நம்மவர் வீடுகளில் ஓடாத கடிகாரம் ஒன்றாவது பழைய ரசீதுகளுக்கு நடுவே கிடக்கும். அதுதான் முதல் கடிகாரம். அதற்கு ஆகும் செலவு, பழுது பார்க்கும் கூலி மட்டுமே.

அந்தப் பழுது பார்க்கும் இடத்தில்தான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். என் தந்தையார் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர். 1969-ல் ஓர் எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். பின்மூடியில் காம்பஸ் முனையால் தன் பெயரின் முதல் எழுத்தையும் வாங்கிய தேதியையும் கீறி வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. 2004-ல் ஒரு கடையில் கொடுத்து, "புதுசு போல ஆக்கிக் கொடுங்கள்" என்றேன். சொன்னபடியே செய்துவிட்டார்கள். பழுப்பேறிய டயல் போய்ப் பளபளவென்று வேறு டயல்; கீறல் விழுந்த பின்மூடி போய் வேறு மூடி. பழையவை எங்கே என்று கேட்டால், குப்பையில் போய்விட்டதாம். அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அப்பாவோடது இல்லையேடா" என்றார். இயந்திரம் என்னவோ அதேதான். ஆனால் அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது?

ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: திறந்து சுத்தம் செய்து எண்ணெய் இட்டால் போதும், டயலைத் தொட வேண்டாம், பாலிஷ் வேண்டாம், எந்த உறுப்பை மாற்றினாலும் பழையதை என் கையில் கொடுக்க வேண்டும். இதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால், புதிதாகத் தொடங்குபவருக்கு எச்.எம்.டி.யைத்தான் சிபாரிசு செய்வேன். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று பல பெயர்களில் வந்தன. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வர ஆரம்பித்ததும் சாவிக் கடிகாரத்தின் மவுசு குறைந்தது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனாலும் ஏராளமாகச் செய்யப்பட்டவை என்பதால் கடிகாரமும் கிடைக்கிறது, உதிரிப் பாகமும் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்த கையும் கிடைக்கிறது. சுவிஸ் கடிகாரத்துக்கு இந்த மூன்றும் சுலபத்தில் சேராது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனதாவின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கிறது, விநாடிக்கு 5. ஒரு நாளில் 4,32,000. டயலில் 17 ஜூவல்ஸ் என்று போட்டிருப்பது அலங்காரக் கற்கள் அல்ல. அச்சு முனைகள் தேயாமல் சுழல வைத்த செயற்கை மாணிக்கத் தாங்கிகள். நம் பட்டறையில் பேரிங் செய்யும் வேலையைத்தான் அங்கே அவை செய்கின்றன. நாளைக்கு 30 விநாடி பிசகினால் கடிகாரம் மோசம் என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,880-ல் ஒரு பங்கு. ஏறக்குறைய 3 மீட்டர் நீளமுள்ள இரும்பை ஒரு மில்லிமீட்டர் பிசகில் வெட்டித் தருகிற ஆளை நான் பாராட்டித்தான் அனுப்பியிருக்கிறேன்! திடீரென்று நாளைக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். மயிரிழைச் சுருள்வில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கோளாறு அது. ஸ்பீக்கர் மேல் கடிகாரத்தை வைக்காதீர்கள். காந்தம் நீக்கச் சில நிமிடங்களே ஆகும்.

மும்பைவாசிகளான நமக்குச் சோர் பஜார் பக்கத்திலேயே இருக்கிறது. அது வசதியும் கூட, ஆபத்தும் கூட. பழைய இயந்திரத்தில் புதிதாக வண்ணம் பூசிய டயலைப் பொருத்தி விற்பதற்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் இப்படியா உலகம் சுற்ற வேண்டும்! பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஐம்பது வயதுக் கடிகாரத்தில் கிளிப்பச்சை டயல் மின்னினால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டயலில் உள்ள பெயரே உள்ளே தகட்டிலும் இருக்க வேண்டும். திறக்க மறுப்பவரிடம் பேரம் பேசுவதே வீண்.

ஓர் எச்சரிக்கை. 1950-களின் சுவிஸ் கடிகாரங்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி அணைந்து போயிருக்கும், ரேடியம் போகாது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்த டயலைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

சாவியைத் தினம் காலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். விரலுக்குத் தடை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் ஜூன் மழையில் கட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் தொங்காதீர்கள். பழைய கடிகாரத்தின் ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்காது.

ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். தாத்தா பெட்டியில் கிடைத்ததை எடுத்து வாருங்கள். லென்ஸ் என் பையில் இருக்கும்.