மணியோசை கடந்த தொலைவு

நுழையும்முன்

தொலைவு, காலம், வேகம் ஆகிய மூன்றும் கீழ் வகுப்புகளிலேயே அறிமுகமானவை. தென்பாண்டி நாட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி ஒன்றை அம்மூன்றையும் கொண்டு அளந்து பார்க்கிறது இப்பாடம்.

திருச்செந்தூர் முருகன் கோயிலில் உச்சிக்காலப் பூசை நிறைவேறிய பின்னரே பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் (1760–1799) உணவு உண்பார் என்பது திருநெல்வேலிச் சீமையில் இன்றும் வழங்கும் செய்தி. பூசை முடிந்ததை அவர் எவ்வாறு அறிந்தார்? இரண்டு ஊர்களுக்கும் இடையே மண்டபங்கள் எழுப்பப்பட்டு, ஒவ்வொன்றிலும் மணி கட்டப்பட்டிருந்ததாம். கோயில் மணி ஒலித்ததும் முதல் மண்டபத்துக் காவலர் தம் மணியை அடிப்பார். அதைக் கேட்டு அடுத்தவர் அடிப்பார். இவ்வாறு ஓசை மண்டபம் விட்டு மண்டபம் தாவிப் பாஞ்சாலங்குறிச்சியை அடையும்.

நெஞ்சுக்கு நெருக்கமான செய்தியைக் கணக்கிட்டுப் பார்ப்பது அதன் பெருமையைக் குறைத்துவிடுமோ எனத் தயங்க வேண்டியதில்லை. ஒன்று நடந்திருக்கக் கூடியதா என்பதைக் கணக்கு சொல்லும். நடந்ததா என்பதைச் சொல்லாது. இந்த எல்லையை மனத்தில் இருத்திக்கொண்டு தொடங்கலாம்.

முதலில் தொலைவு. திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, புன்னைக்காயல் அருகே, தாமிரபரணி கடலில் கலக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்பவர் ஆற்றைக் கடந்து, தூத்துக்குடி வழியாக வடமேற்கே திரும்ப வேண்டும். இன்றைய சாலைவழியே இது ஏறத்தாழ 60 கி.மீ. பயணி கடக்கும் இந்த முழு நீளமே தொலைவு எனப்படும். புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் இணைக்கும் நேர்கோடு, அதன் திசையுடன் சேர்த்துச் சொல்லப்படும்போது இடப்பெயர்ச்சி ஆகிறது. இங்கு அதன் அளவைக் கணக்கின் வசதிக்காக வடக்கு நோக்கி 45 கி.மீ. எனக் கொள்ளலாம். கால்நடையாகச் செல்பவருக்கு ஆறு தடை. வளைந்து செல்லும் வழியும் தடை. ஓசைக்கு இரண்டும் இல்லை. மண்டபங்கள் நேர்வரிசையில் அமைந்திருந்தால் ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டாலும் அது தன்போக்கில் கடந்துவிடும்.

குதிரை வீரர் ஒருவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இடையறாது சென்றாலும் 60 கி.மீ. கடக்க நான்கு மணி நேரம் ஆகும். உச்சிவேளைச் செய்தி பொழுது சாயும் நேரத்தில்தான் வந்துசேரும். அதுவரை பசித்திருப்பது எவருக்கும் கடினமே!

இனி ஓசையின் கணக்கு. நம் நாட்டின் வெப்பமான காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். 45,000 மீட்டரை 350ஆல் வகுத்தால் ஏறத்தாழ 129 விநாடி. ஆனால், ஒரே மணியின் ஓசை அவ்வளவு தொலைவு கேட்காது. மூன்று கி.மீ. வரை கேட்கும் எனக் கொண்டால் பதினைந்து இடைவெளிகள் அமையும்; இடையே பதினான்கு மண்டபங்கள் தேவைப்படும். ஓசையைக் கேட்டு, அது தமக்குரிய மணியோசைதான் என்று தெளிந்து, கயிற்றை இழுக்க ஒவ்வொரு காவலருக்கும் ஐந்து விநாடி ஆகலாம். அவ்வகையில் 70 விநாடி கூடும். மொத்தம் ஏறத்தாழ 200 விநாடி; அதாவது மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. எனவே, செய்தி இயலாத ஒன்று அன்று.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றில் ஓசை செல்லும் காலத்தைப் பெரிதும் மாற்ற இயலாது. மாறக்கூடியது காவலரின் விழிப்பே. பதினான்கு பேரில் ஒருவர் கண்ணயர்ந்தாலும் ஓசை அங்கேயே நின்றுவிடும்.

விநாடிக்கு 350 மீட்டர் என்பது எவ்வாறு தெரிந்தது? அதற்கான ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடந்துள்ளது. 1820, 1821 ஆம் ஆண்டுகளில் சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் கோல்டிங்காம், பரங்கிமலையிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்ட கணத்துக்கும் வெடியோசையைக் கேட்ட கணத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். ஒளி கண்ணை அடையும் காலம் மிகச் சிறிது; அதைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. பரங்கிமலை ஏறத்தாழ 9 கி.மீ. தொலைவில் இருந்ததால் ஓசை வந்துசேர இருபத்தைந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. ஒலியின் வேகம் மாதத்துக்கு மாதம் மாறுபடுவதையும் அவர் பதிவு செய்தார். வெப்பம் ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும் என இன்றைய இயற்பியல் கூறுகிறது.

காலத்தைக் கடிகாரம் காட்டிவிடும். தொலைவு துல்லியமாகத் தெரியாவிட்டால் அந்தக் காலத்தால் பயனில்லை. நிலத்தின் தொலைவைத் துல்லியமாக அறிவது எளிதன்று. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதற்கு 57 நாள்கள் பிடித்தன. ஒருவர் மூன்று மணி நேரத்திற்குள் நடந்துவிடக்கூடிய வழி அது! அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணங்களைத் தொடர்ந்து அமைத்துத்தான் நில அளவை குமரிமுனை வரை சென்றது.

தொலைவைக் காலத்தாலும் ஒலியாலும் சொல்வது தமிழருக்குப் பழகிய ஒன்றே. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்து கடக்கும் தொலைவு ‘நாழிகைவழி’. மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு அது 2 கி.மீ. குரல் எட்டும் தொலைவு ‘கூப்பிடு தூரம்’. நடப்பவரின் கால்வலிமைக்கும் கூப்பிடுபவரின் குரல்வளத்துக்கும் ஏற்ப இவை மாறும். சங்கிலியோ யார் கிடத்தினாலும் 100 அடிதான். வெயிலில் அதுவும் சிறிது நீளும் என்பதால் அளப்பவர்கள் சங்கிலியின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டனர்.

கற்பவை கற்றபின்

பள்ளித் திடலில் 200 மீட்டர் தொலைவை நாடாவால் அளந்து குறிக்க. ஒரு முனையில் ஒருவர் கையை உயர்த்தி இறக்கும் அதே கணத்தில் தட்டொன்றை ஓங்கித் தட்ட, மறுமுனையில் இருப்பவர் நிறுத்துகடிகாரத்தால் இடைவெளியை அளக்க வேண்டும். பத்து முறை செய்து சராசரி காண்க. கிடைக்கும் விடை 350இலிருந்து பெரிதும் விலகினால், பிழை தொலைவிலா, கடிகாரத்திலா, அதை அழுத்திய விரலிலா என்று வகுப்பில் கலந்துரையாடுக.