ஈவோ ஜிமா கொடியும் ஜிக்சா துண்டுகளும்

கேள்வி: ஈவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் போர்க்காலப் படத்தின் கதை என்ன? அதை ஜிக்சா புதிராக அடுக்குவது ஏன் கடினம்?

பதில்: அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் 1945 பிப்ரவரி 23 அன்று அத்தீவின் சுரிபாச்சி மலை உச்சியில் எடுத்த படம் இது. அன்று காலையிலேயே அங்கே ஒரு சிறிய கொடி ஏறிவிட்டது. அதற்குப் பதிலாகப் பெரிய கொடி ஏற்றியபோது பதிவானதே இந்தக் காட்சி. கம்பம் என்று தெரிவது உண்மையில் அங்கே கிடந்த ஜப்பானியரின் தண்ணீர்க் குழாய். ஆட்களை நிறுத்திவைத்து எடுத்த படம் என்ற வதந்தி இன்றும் ஓயவில்லை. அதே நொடியைப் பதிவுசெய்த திரைப்படச் சுருள் அதைப் பொய்யாக்குகிறது. கொடி நட்ட ஆறு பேரில் மூவர் அத்தீவிலேயே போரில் மாண்டனர். அறுவர் யார் என்ற பட்டியலை மரைன் படை 2016இலும் 2019இலும் திருத்தியது. படத்துக்கு 1945இலேயே புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஜிக்சாவின் தொடக்கம் 1760களின் லண்டன். ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின்படி அறுத்து விற்றார். பின்னாளில் வந்த வண்ணப் படப் புதிர்களில் நிறமே வழிகாட்டி. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த உதவி கிடையாது. ஈவோ ஜிமா படத்தின் மேற்பகுதியில் கொடியைத் தவிர வெறும் வானம்; அங்கே துண்டின் வடிவத்தை மட்டும் நம்பித்தான் பொருத்த வேண்டும். கீழே சிதறிக் கிடக்கும் இடிபாடுகள் ஒன்றுபோலவே இருந்து கண்ணை ஏமாற்றும். கொடியின் பட்டைகளும் குறுக்கே சாயும் கம்பமும் முதலில் சேரும்; வானத்தைக் கடைசிக்கு ஒதுக்குவது நல்லது.