திடீர்னு ஒரு தெளிவு வந்தா... ஜவ்வாது மலை சொல்லும் பாடம்





"அண்ணா, நேத்து கவசம் படிக்கும்போது திடீர்னு எல்லாமே புரிஞ்ச மாதிரி இருந்துச்சு." "அண்ணா, மயில் பக்கத்துல வந்து நின்னுச்சு, அந்த நிமிஷமே என் கேள்விக்கு பதில் கிடைச்சிடுச்சு." இந்த மாதிரி மெசேஜ் எனக்கு அடிக்கடி வருது. படிக்கும்போது சந்தோஷமா இருக்கும். ஆனா அடுத்த வரியைப் படிச்சா சில நேரம் பயமாவும் இருக்கும். "அதனால வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்", "அதனால கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிட்டேன்" என்று இருக்கும்.

தெளிவு வர்றது ஒரு நொடி வேலை. அதை வச்சு எடுக்கற முடிவு பல வருஷ வாழ்க்கை. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன செய்யணும்? அதுதான் இன்றைய பாடம். பாடத்தை நம்ம ஜவ்வாது மலையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

காவலூரில் மங்கிய நட்சத்திரம்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கு. சாமை விளையும் மலை. செய்யாறு பிறக்கும் மலை. இதே மலையில் காவலூர்னு ஒரு ஊர். வானியல் அறிஞர் வைணு பாப்பு, நகர வெளிச்சம் தொடாத இருட்டு வானத்துக்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோட இங்கே வேலை தொடங்கிச்சு. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி நகர்ந்து போகப் போகுதுன்னு முன்பே கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவரும் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகிட்டிருந்தாங்க. ஒளி சில விநாடி மங்கி, திரும்ப வந்தது. கிரகம் மறைச்சதால வந்த மங்கல் இல்லை. அப்போ நடுவுல வேற ஏதோ இருக்கு!

அது என்ன? யுரேனஸுக்கு இதுவரை யாரும் அறியாத ஒரு துணைக்கோள் இருக்குன்னு அவங்க கருதினாங்க. அந்தத் தலைப்பிலேயே 'நேச்சர்' இதழில் அறிக்கையும் வந்தது.

அதே இரவு, இந்தியப் பெருங்கடலுக்கு மேல ஒரு விமானம் பறந்துகிட்டிருந்தது. அதுக்குள்ளேயே ஒரு தொலைநோக்கி. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், ஜெசிகா மிங்க் மூணு பேரும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துகிட்டிருந்தாங்க. கிரகம் மறைக்கும் நேரம் துல்லியமா தெரியாததால, முன்கூட்டியே பதிவை ஆரம்பிச்சிருந்தாங்க. கிரகம் மறைக்கறதுக்கு முன்னாடி ஒளி பலமுறை மங்கியது. கிரகம் விலகின பிறகும், கண்ணாடியில் பார்த்த மாதிரி அதே வரிசை தலைகீழா வந்தது. துணைக்கோள்கள் இப்படி ரெண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து நிக்காது. அது வளையம்! அதுவரைக்கும் சனி ஒன்றுக்குத்தான் வளையம் உண்டுன்னு உலகம் நம்பிக்கிட்டிருந்தது.

வெவ்வேறு இடங்களில் எடுத்த பதிவுகளை எல்லாம் சேர்த்து வச்சுப் பார்த்தபோது படம் முழுசாச்சு. யுரேனஸ் வளையங்களை முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்றாக நம்ம காவலூரும் நின்னது.

இதுல நமக்கு என்ன பாடம்? நல்லா கவனிங்க. காவலூரில் ஒளி மங்கியது சத்தியம். அதில் ஒரு துளி பொய் இல்லை. ஆனா "இது துணைக்கோள்" என்பது அந்த அனுபவத்துக்குக் கொடுத்த அர்த்தம். அனுபவம் நின்னது, அர்த்தம் மாறியது.

நம்ம மனசுக்குள்ள வர்ற திடீர் தெளிவுக்கும் இதே கணக்குதான். கண்ணுல தண்ணி வந்தது உண்மை. உடம்பு சிலிர்த்தது உண்மை. மனசு ஒரு நிமிஷம் காலியாகி அமைதியா இருந்தது உண்மை. யாரும் அதை மறுக்க வேண்டாம். ஆனா, "ஆகவே முருகன் என்னை இதைச் செய்யச் சொல்றான்" என்பது நாம கொடுக்கற அர்த்தம். அதைத்தான் சோதிக்கணும்.

எதை வச்சு சோதிப்பது? வேல் இருக்கே!

வேலை ஞானத்தின் வடிவம்னு பெரியவங்க சொல்வாங்க. நுனி கூர்மை, இலை அகலம், தண்டு நீளம். அறிவு கூர்மையா, அகலமா, ஆழமா இருக்கணும்னு இதுக்கு விளக்கம். நமக்கு வந்த தெளிவையும் இந்த மூணு அளவில் வச்சுப் பார்க்கலாம்.

1. கூர்மை: நடந்தது என்ன, நான் நினைச்சது என்ன?

போன வருஷம் ஒரு தம்பி எழுதினான். இன்ஜினியரிங் மூணாம் வருஷம். கார்த்திகைக்குக் கோயில் போனப்போ சந்நிதியில் மனசு அப்படியே நின்னுடுச்சாம். "அண்ணா, படிப்பு வேணாம், பாத யாத்திரையா ஆறுபடை வீட்டுக்கும் போயிடறேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். முருகனே சொல்லிட்டான்" என்றான்.

நான் அவனைத் திட்டலை, தடுக்கவும் இல்லை. ஒரு தாள் எடுத்து நடுவுல கோடு போடச் சொன்னேன். இடது பக்கம் நடந்தது மட்டும். வலது பக்கம் அவன் அதுக்குக் கொடுத்த அர்த்தம். இடது பக்கம் அவன் எழுதினது மூணே வரி: "கூட்டத்தில் நின்னேன். தீபாராதனை பார்த்தேன். பயம் போயிடுச்சு."

வலது பக்கம் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். படிப்பு, யாத்திரை, சந்நியாசம் எல்லாம் வலது பக்கத்தில்தான் இருந்தது. "பயம் போயிடுச்சுன்னு எழுதியிருக்கியே, என்ன பயம்?"னு கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "ரெண்டு அரியர் இருக்குண்ணா. அம்மாவுக்குத் தெரியாது."

கூர்மைன்னா இதுதான். முருகன் அவனுக்குக் கொடுத்தது பயமில்லாத ஒரு நிமிஷம். அதை அவன் கல்லூரியை விடுற உத்தரவுன்னு படிச்சுக்கிட்டான்.

2. அகலம்: இன்னொருத்தர் கண்ணிலும் வச்சுப் பாருங்க

காவலூர் பதிவு ஒண்ணை மட்டும் வச்சிருந்தா வளையம் தெரிஞ்சிருக்காது. இன்னொரு இடத்துப் பதிவு பக்கத்தில் வந்ததும் தெளிவாச்சு. அதனால, உங்களுக்கு வந்த தெளிவை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அம்மாவா இருக்கலாம், ஆசிரியரா இருக்கலாம், வயசுல மூத்த அடியாரா இருக்கலாம். "ஆமாம்"னு சொல்றவங்களை மட்டும் தேடாதீங்க. கேள்வி கேட்கறவங்ககிட்ட போங்க. ஸ்டேட்டஸ்ல போட்டு லைக் வாங்கறது சோதனை ஆகாது.

இங்கே சில பேர் கேட்பாங்க: "ரமணர் யாரைக் கேட்டார்? அவர் வீட்டை விட்டுப் போகலையா?"

நியாயமான கேள்வி. 1896 ஜூலை, மதுரையில் சித்தப்பா வீடு. 16 வயசுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீர்னு மரண பயம் வந்தது. ஓடாம, பிணம் மாதிரி படுத்து, "சாவது எது?"ன்னு உள்ளே பார்த்தார். உடம்பு சாகும், நான் சாக மாட்டேன் என்ற தெளிவு கிடைச்சது. அதுக்கப்புறம் மரண பயம் திரும்ப வரவே இல்லை. 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகனின் அவதாரமாகவே போற்றினார்.

ஆனா முழுக் கதையையும் படிங்க. அவர் வந்தது பேர் வாங்க இல்லை. வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார். 1916-ல் அம்மா அழகம்மாள் மகனோடவே தங்க வந்தப்போ விலக்கி வைக்கலை. 1922-ல் அம்மாவின் கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கிட்டார். அவர்கிட்ட வந்து "வீட்டை விடட்டுமா?"ன்னு கேட்டவங்ககிட்ட, விட வேண்டியது வீட்டை இல்லை, மனசோட பிடிப்பைன்னு சொன்னார். ரமணர் மாதிரின்னு சொல்றவங்க இந்தப் பகுதியையும் சேர்த்துத்தான் எடுத்துக்கணும்.

3. ஆழம்: நாள் போனாலும் நிக்குதா?

அருணகிரிநாதர் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். 15-ஆம் நூற்றாண்டு, திருவண்ணாமலை. வாழ்க்கை கசந்து வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிக்கிட்டான்னு தல வரலாறு சொல்லுது. அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே கோபுரத்து இளையனார் சந்நிதி இன்னைக்கும் இருக்கு.

ரீல்ஸ்ல இந்தக் கதை கோபுரத்தோட முடிஞ்சிடும். எனக்கு முக்கியமா படறது அதுக்கப்புறம் நடந்தது. அவருக்குக் கிடைச்ச உபதேசம் பேச்சை அடக்கி அமைதியா இருக்கச் சொன்னது. பிறகுதான் பாட்டு. பிறகுதான் ஊர் ஊரா நடை. இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருக்கிற திருப்புகழ் மட்டும் 1,300-க்கு மேல. ஒரு நொடியில் பிடிச்ச விளக்கை ஆயுள் முழுக்க அணையாமல் வச்சிருந்தார்.

(ஒரு வார்த்தை. கோபுரம் ஏறின கதையை உயிரை விடத் துணிவதற்கு அனுமதின்னு யாரும் எடுத்துக்காதீங்க. அந்தக் கதையில் முருகன் செய்த முதல் வேலை காப்பாத்தினது. மனசு அந்த அளவுக்கு இருட்டா இருந்தா, உடனே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க. அந்தக் கைகளும் அவன் கைகள்தான்.)

அந்தப் பாடல்கள் நம்ம கைக்கு எப்படி வந்ததுன்னு தெரியுமா? அதுவும் ஒரு திடீர் நொடியில் ஆரம்பிச்சதுதான். 1871-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான ஒரு வழக்கு. அதில் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாட்டைச் சொன்னாங்க. அங்கே வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை அதைக் கேட்டு அப்படியே உருகிப் போனார். இப்படிப்பட்ட பாடல்கள் இன்னும் எத்தனை இருக்குமோ, எல்லாத்தையும் தேடணும்னு அந்த நொடியில் தோணிச்சு.

அவர் வேலையை விடலை. பின்னாளில் மாவட்ட முன்சீப்பும் ஆனார். வேலை பார்த்துக்கிட்டே ஊர் ஊரா ஓலைச்சுவடி தேடினார், ஒப்பிட்டார், எழுதினார். முதல் பகுதி அச்சில் வர 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பாடல்களுக்கு உரை எழுதினார். நீதிமன்றத்தில் கேட்ட ஒரு பாட்டு, ரெண்டு தலைமுறையோட உழைப்பாச்சு.

தம்பிகளா, ஆழம்னா இதுதான். நேத்து வந்த தெளிவு நாற்பது நாள் கழிச்சும் உங்களை வேலை செய்ய வைக்குதா? அப்படின்னா அது வேரோடு வந்தது. நாலு நாளில் அடுத்த சிலிர்ப்பைத் தேடி மனசு ஓடுதா? அப்படின்னா முதல்ல வந்தது பூவோட நின்னுபோச்சு.

வள்ளியோட பரண்

"அப்போ தெளிவு வர நாம எதுவும் செய்ய முடியாதா?"ன்னு கேட்கலாம். வரவழைக்க முடியாது. வந்தா தவறவிடாம விழிச்சிருக்க முடியும்.

வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல நின்னு காவல் காத்தா. முருகன் வேடனா வந்தான், வேங்கை மரமா நின்னான், கிழவனா வந்தான். கடைசியில் தன் சொந்த உருவத்தைக் காட்டினப்போ அவளுக்குப் புரிஞ்சது: இத்தனை நேரமும் வந்தவன் இவனேதான். பார்த்தீங்களா, தெளிவு புதுசா எதையும் கொண்டு வரலை. முன்னாடியே வந்து நின்னதை அடையாளம் காட்டிச்சு. வள்ளி அன்றாட வேலையை விட்டுட்டு அவனைத் தேடி அலையலை. அவ வேலை செய்யற இடத்துக்கே அவன் வந்தான்.

ஜவ்வாது மலைப் பாதையில் ஜமுனாமரத்தூர் பக்கம் போறப்போ, சாமைக் கொல்லைகளைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்த நினைப்பு வரும். அதே மலையில், காவலூர்னு பேரிலேயே காவல் இருக்கிற ஊரில், விஞ்ஞானிகளும் ராத்திரி முழுக்க வானத்துக்குக் காவல் இருக்காங்க. மேகம் மூடின ராத்திரிகள் எத்தனையோ வீணாப் போகும். ஆனா அந்த மார்ச் 10-ல் விழிச்சிருந்ததால் தான் அந்த சில விநாடி மங்கல் அவங்களுக்குக் கிடைச்சது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு வாங்குங்க. தினமும் பத்து நிமிஷம், போனை வேற ரூம்ல வச்சுட்டு, சும்மா உட்காருங்க. ஆறெழுத்து மனசுக்குள்ள ஓடட்டும்.

ஏதாவது தெளிவு வந்தா நடுவுல கோடு போட்டு எழுதுங்க: நடந்தது ஒரு பக்கம், அர்த்தம் ஒரு பக்கம். தேதியும் போடுங்க. ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் நாற்பத்தெட்டு நாளுக்கு எடுக்காதீங்க. ஒரு மண்டலம் விரதம் இருக்கறோம் இல்லையா, முடிவுக்கும் ஒரு மண்டலம் கொடுங்க.

ஆனா ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்கணும், உண்மையைச் சொல்லணும், கடனைத் திருப்பிக் கொடுக்கணும், ஒரு கெட்ட பழக்கத்தை விடணும்னு தெளிவு வந்தா அன்னைக்கே செஞ்சிடுங்க. அந்தத் தம்பி அன்னைக்கு ராத்திரியே அம்மாகிட்ட அரியர் விஷயத்தைச் சொல்லிட்டான். அம்மா அழுதாங்களாம், அப்புறம் சாப்பாடு போட்டாங்களாம். யாத்திரை போறதைப் பத்தி அவன் இன்னும் முடிவு பண்ணலை. நானும் கேட்கலை. அது அவனுக்கும் முருகனுக்கும் நடுவுல.

மின்னல் வெளிச்சத்தில் வழி தெரியும். நடக்கறதுக்கு விளக்கு வேணும். அந்த விளக்குக்குத் தினமும் எண்ணெய் ஊத்தறது நம்ம வேலை.

படிச்சது உதவியா இருந்தா, இப்போ அவசரமா ஒரு முடிவு எடுக்கப் போற நண்பர் யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!